சிசேரியன் பிரசவம்: ஏழாம் மாதம் முதல் ஆறாவது வாரம் வரை, குமரி மாவட்டத் தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் பிரசவம் தக்கலைப் பக்கம் என் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. வீட்டில் எல்லாரும் சுகப்பிரசவம் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அதற்கு மட்டுமே தயாராக இருந்தேன். வலி தொடங்கிப் பதினான்கு மணி நேரம் கழிந்தபோது, குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, இனிக் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அடுத்த இருபது நிமிடத்தில் நான் தியேட்டர் மேசையில் இருந்தேன். அந்த இருபது நிமிடத்தில் என் கணவர் ஆதார் நகல் எடுக்க மழையில் ஓடினார், அம்மா இரத்த வகைச் சீட்டைப் பையில் தேடிக்கொண்டிருந்தார், நான் படித்துப் பார்க்காமலேயே மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டேன்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் சிசேரியன் முறையில் நடக்கின்றன. ஆகவே, உங்கள் டாக்டர் சுகப்பிரசவம்தான் என்று சொல்லியிருந்தாலும் இதைப் படித்து வையுங்கள். 36-ஆம் வாரத்திற்குள் செய்து முடிக்காத எதையும் அந்த இருபது நிமிடத்தில் செய்ய முடியாது. உங்கள் உடலுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதையே நான் இங்கே எழுதுகிறேன்.

1. எங்கே பிரசவம் என்பதை ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள்

தலைப்பிரசவத்திற்கு ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவது நம் வழக்கம். சென்னையிலோ பெங்களூரிலோ ஏழு மாதம் ஒரு டாக்டரிடம் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள், வந்த வாரத்திலேயே புதிய மருத்துவமனையில் பதிவு செய்துவிட வேண்டும். ஒன்பதாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உங்களை முன்பின் பார்த்திராத டாக்டர் நள்ளிரவில் உங்கள் வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

அரசுத் தரப்பில் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தக்கலை, குழித்துறை, குளச்சல் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. இவை தவிர மிஷன் மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. எல்லையோர ஊர்க்காரர்கள் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள். எங்கே போனாலும் மூன்று கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருந்து டாக்டர் மருத்துவமனையிலேயே இருப்பாரா, அல்லது வெளியிலிருந்து வர வேண்டுமா? இரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே உண்டா, அல்லது வேறிடத்திற்கு அனுப்புவார்களா? அறை குளிரூட்டப்பட்டதா என்பதைவிட இந்த மூன்றும்தான் முக்கியம்.

பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள், சொன்ன தேதிக்குச் சில நாள் முன்பே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. 108 ஆம்புலன்ஸ் இலவசம்தான்; ஆனால் அது மலையேறி வந்து திரும்பி இறங்கும் நேரத்தையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

2. காகிதங்களை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்

முதலில் வேண்டியது பிக்மி எண். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் 12 இலக்க எண் இது. தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய இதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் மட்டும் பார்ப்பவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 12 வாரத்திற்குள் பதிவு செய்துவிடுங்கள். நான் சென்னையில் பதிவு செய்த எண் பழைய கைப்பேசியோடு போய்விட்டது. எங்கள் ஊர்ச் செவிலியர் கைப்பேசி எண்ணை வைத்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். நீங்கள் அந்த எண்ணைக் கோப்பின் அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

கோப்பில் தாய் சேய் நல அட்டை, கணவன் மனைவி இருவரின் ஆதார் நகல்கள், எல்லா ஸ்கேன் அறிக்கைகளும் தேதி வரிசையில், இரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பரிசோதனை முடிவுகள், மனைவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், காப்பீடு இருந்தால் அதன் அட்டை ஆகியவை இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு நகல்கள் எடுத்து, மழைத்தண்ணீர் இறங்காத உறையில் வையுங்கள். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை.

ஆதாரில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில், எந்த முதலெழுத்தோடு இருக்கிறதோ, மருத்துவமனைப் பதிவேட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். திருமணத்திற்கு முன் அப்பாவின் முதலெழுத்து, பின்னர் கணவரின் பெயர் என்று மாறியிருந்தால், பதிவு செய்யும் நாளிலேயே ஆதாரைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டிலிருந்துதான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஏறுகிறது.

உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால், அதே வகை உள்ள இருவரைச் சொல்லி வையுங்கள். குழந்தை பாசிட்டிவ் வகையாகப் பிறந்தால் 72 மணி நேரத்திற்குள் உங்களுக்கு, அடுத்த கர்ப்பத்தில் குழந்தையைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அதை நீங்களே நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

3. செலவை எழுத்தில் கேளுங்கள்

அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, இரத்தம், பரிசோதனை அனைத்தும் இலவசம். தாய்க்கு 7 நாள் வரை உணவும் உண்டு. வீட்டுக்குத் திரும்பவும் இலவச வாகனம் கேட்கலாம், அதற்கான எண் 102. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்கில் வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். 19 வயது நிறைந்தவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது பொருந்தும். கணக்கு தாயின் பெயரில், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். தவணை வரவில்லையென்றால் பெரும்பாலும் இந்த இணைப்புத்தான் காரணமாக இருக்கும்.

தனியார் மருத்துவமனையில் "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொல்வார்கள். எங்களிடம் 55,000 ரூபாய் என்று வாயால் சொன்னார்கள். ஐந்தாம் நாள் பில் 78,400 ரூபாய். கூடுதல் தொகை எல்லாமே சொல்லப்படாத தலைப்புகளில் இருந்தது: மயக்க மருந்து டாக்டருக்குத் தனி, குழந்தை டாக்டருக்குத் தனி, தியேட்டர் மருந்துகள் தனி, மஞ்சள் நிறம் குறையக் குழந்தையை ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்ததற்குத் தனி. ஆகவே சுகப்பிரசவம், திட்டமிட்ட சிசேரியன், அவசர சிசேரியன் மூன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு, எத்தனை நாள் அறை, இதில் எதெல்லாம் சேராது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். சொன்ன தொகையில் பாதி அளவைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டால் கடைசி நாளில் நகையோடு அலைய வேண்டியிருக்காது.

மருத்துவக் காப்பீடு எடுத்த உடனே மகப்பேறுச் செலவு கிடைத்துவிடாது. பல பாலிசிகளில் ஒன்பது மாதம் முதல் நான்கு ஆண்டு வரை காத்திருப்புக் காலம் உண்டு. குழந்தையின் சிகிச்சைச் செலவு முதல் நாளிலிருந்து சேருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு; அதில் 8 வாரம் வரை பிரசவத்திற்கு முன்பே எடுக்கலாம்.

4. தேதி குறிப்பதும் கையெழுத்தும்

திட்டமிட்ட சிசேரியன் என்றால், வேறு ஆபத்து இல்லாத நிலையில், 39 வாரம் நிறைந்த பிறகு செய்வதே குழந்தையின் நுரையீரலுக்கு நல்லது. நல்ல நட்சத்திரம் பார்த்து 37-ஆம் வாரத்திலேயே எடுக்கச் சொல்லும் வீடுகள் நம்மிடையே உண்டு. டாக்டர் சொன்ன நாட்களுக்குள் நல்ல நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்திற்காக நாளை முன்னால் இழுக்காதீர்கள். அப்படி இழுத்துப் பிறந்த குழந்தை மூச்சுத் திணறி நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததை நான் பக்கத்து அறையில் பார்த்தேன்.

முந்தைய இரவு லேசான உணவு போதும். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரமும் வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். உங்கள் மருத்துவமனை எந்த நேரம் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். பசிக்கிறதே என்று ரகசியமாக ஒரு வாய் கொடுக்கும் பாசம் மிகவும் ஆபத்தானது. மயக்க நிலையில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். வலியோடு போகிறவர்களும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, முன்பு நடந்த ஆப்பரேஷன், ஆடும் பல் இவற்றையெல்லாம் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியை யாரிடம் கொடுப்பது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் வைத்து அழ வேண்டாம்.

ஒப்புதல் படிவங்களில் ஆப்பரேஷனுக்கும் மயக்க மருந்துக்கும் உரியவை கட்டாயம். அவற்றோடு குடும்பக் கட்டுப்பாட்டுக்குரிய தாளும் இருக்கலாம். குழந்தையை எடுத்த கையோடு கருப்பைக்குள் காப்பர்-டி வைக்க முடியும். இரண்டாவது பிரசவமானால் கருத்தடை ஆப்பரேஷனும் செய்ய முடியும். இவை நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் முடிவு உங்களுடையது. எட்டாம் மாதத்திலேயே வீட்டில் பேசி, வேண்டும் அல்லது வேண்டாம் என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லி, உங்கள் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

5. தியேட்டருக்குள்

இதைப் பற்றித்தான் மிகவும் பயந்திருந்தேன்; உண்மையில் மிகக் குறைவாக வலித்த பகுதி இதுதான். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்தே இருப்பீர்கள். தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வில்லாக வளைத்து உட்காரச் சொல்வார்கள். அந்தச் சில நிமிடம் அசையாமல் இருப்பதுதான் உங்கள் பங்கு. இடையில் வலி வந்தால், "வலி வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லலாம். கால்கள் சூடாகி, பிறகு கனத்துப்போகும். சிறுநீருக்குக் குழாய் வைப்பார்கள். வயிற்றில் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் உடனே சொல்லுங்கள். பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுக்கம் வருவது இயல்பு.

குழந்தை பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்திற்குள் வெளியே வந்துவிடும். தைத்து முடிக்க மொத்தம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். குழந்தை நன்றாக அழுதால், கன்னத்தோடு ஒட்டி ஒரு நிமிடமாவது வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

6. முதல் இரண்டு நாள்

ஊசியின் தாக்கம் சில மணி நேரத்தில் குறையும்போது வலி தெரியத் தொடங்கும். வலி உச்சத்திற்கு ஏறிய பிறகு மாத்திரை கேட்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே, வலி மாத்திரை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாரசிட்டமால் போன்று வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றவைதான் என்று மறுநாள் டாக்டர் சொன்னபோது ஓர் இரவு வீணாகியிருந்தது. எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்திற்கு வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்து நடப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வருமாறு நேரத்தை அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

படுக்கையை விட்டு எழுவதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. முதல்முறை வழக்கம்போல நேராக நிமிர்ந்து எழப் பார்த்தேன்; தையல் முழுவதும் அறுந்துபோனது போல இருந்தது. இரவுப் பணியில் இருந்த வயதான சிஸ்டர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நிமிர்ந்து எழும்பாத மக்களே, சரிஞ்சு எழும்பு" என்றார். அவர் காட்டிய முறை இதுதான். மல்லாந்து படுத்தபடியே இரண்டு முழங்கால்களையும் மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும் அதே நேரத்தில், அடியில் இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் மெத்தையில் ஊன்றி எழுந்து உட்காருங்கள். ஐந்து நிமிடம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, தலைசுற்றல் இல்லையென்றால் ஒருவர் கையைப் பிடித்து நில்லுங்கள். ஒரு துவர்த்தை (துண்டை) நான்காக மடித்துக் கையோடு வைத்திருங்கள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் அதைத் தையலின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால் பாதி வலி குறையும். கர்ப்பமாக இருக்கும்போதே வீட்டுக் கட்டிலில் இந்த எழும்பும் முறையைப் பழகிப் பாருங்கள்.

டாக்டர் அனுமதித்தவுடன், பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள், நடக்கத் தொடங்க வேண்டும். பச்சை உடம்புக்காரியை நடக்க வைக்கிறார்களே என்று வீட்டார் வருந்துவார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போகும் அபாயம் இருக்கிறது. நடந்தால் வாயு பிரியும், குடல் வேலை செய்யும். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு ஆறு மணி நேரத்திற்குள் சிறுநீர் வரவில்லையென்றால் சொல்லுங்கள். உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும் கடுமையான தலைவலி வந்தால் அது முதுகில் போட்ட ஊசியால் வந்திருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு.

7. பால்

வயிற்றைக் கிழித்தவளுக்குப் பால் வராது என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்திற்குள், படுத்தபடியே, சிஸ்டர் உதவியோடு குழந்தையை மார்பில் வையுங்கள். முதலில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பால் சில சொட்டுகளே இருக்கும். குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். பால் நிறைய ஊறுவதற்கு மூன்று நான்கு நாட்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைத்த வசம்பு எல்லாம் வரும். எதையும் கொடுக்க விடாதீர்கள். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதிலுள்ள கிருமியால் பச்சிளங்குழந்தைக்குத் தசைகள் செயலிழக்கும் நோய் வரக்கூடும். டாக்டர் சொல்லிப் பால்மாவு கொடுக்க வேண்டியிருந்தால், புட்டியை விடப் பாலாடையில் கொடுங்கள். தையலில் குழந்தையின் கால் இடிக்காமல் இருக்க, குழந்தையை மடியில் கிடத்தாமல் உங்கள் கக்கத்துப் பக்கமாக, கால்கள் முதுகுப்புறம் போகும்படி தலையணை மேல் வைத்துக் கொடுங்கள்.

8. வீட்டுக்குப் புறப்படும் நாள்

தனியாரில் மூன்று முதல் ஐந்து நாளிலும், அரசு மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும் அனுப்புவார்கள். குழந்தைக்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ்-பி மூன்றும் போட்டு அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரத்தில். தையல் தானே கரைவதா, பிரிக்க வேண்டியதா, எந்த நாளில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிறப்புப் பதிவை அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விவரத்தை அவர்களே அனுப்புகிறார்கள். அந்தப் படிவத்தை அனுப்பும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். எங்கள் படிவத்தில் என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, ஆதாரோடு பொருந்தவில்லை. பிறகு அதைத் திருத்த, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு என் கணவர் நான்கு முறை அலுவலகம் போய் வந்தார். பதிவுக்கு 21 நாள் வரை கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணமும், ஓராண்டு கடந்தால் அதிகாரியின் உத்தரவும் வேண்டும். நம் பகுதியில் பல வீடுகளில் 28-ஆம் நாள் நூல்கட்டுக்குத்தான் பெயரிடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் திருமுழுக்கு இன்னும் தாமதமாகலாம். பெயருக்காகப் பதிவைத் தள்ள வேண்டாம். பெயர் இல்லாமலேயே பதிவு செய்துவிட்டு, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. திருவனந்தபுரத்தில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் கேரளத்தில்தான் கிடைக்கும். களியக்காவிளையில் உங்கள் வீடு இருந்தாலும் அங்கே பதிய முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

9. வீட்டில் முதல் நாற்பது நாள்

அன்பாகச் செய்யும் தவறுகள் வீட்டில்தான் நடக்கின்றன. சுகப்பிரசவத்திற்கு வழிவழியாகச் செய்து வந்த பேறுகாலப் பக்குவங்கள் தையல் போட்ட வயிற்றுக்கு அப்படியே பொருந்தாது. என் அம்மா முதல் நாளே பெரிய பானையில் இலைகள் போட்டு வெந்நீர் கொதிக்க வைத்துவிட்டார். வயிற்றில் வெந்நீரை அடித்து ஊற்றுவதும், வயிற்றை எண்ணெய் போட்டு நீவுவதும் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளித்து, சுத்தமான துணியால் தையலை ஒற்றி எடுத்து, காற்றுப்படும்படி விட்டாலே போதும். மடிப்பு விழும் வயிறானால் அதன் அடியில் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தையல் சீழ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். கைகால்களுக்கு எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. வயிற்றை இறுகத் துணியால் கட்டுவதற்குப் பதில், டாக்டர் சொன்னால் மட்டும் பெல்ட் போடுங்கள்.

"தண்ணி குடிச்சா வயிறு சாடிரும்" என்று எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தர மறுத்தார்கள். மூன்றாம் நாள் மலச்சிக்கலால் நான் பட்ட வேதனை ஆப்பரேஷன் வலியைவிடப் பெரிது. பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். கஞ்சியும் பயறும், முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை எல்லாம் சாப்பிடலாம். நல்லமிளகும் சுக்கும் பூண்டும் சேர்ந்த குழம்பு நன்றாகவே இருக்கும். பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது நம் கடற்கரை வழக்கம். ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் தாய்மார்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சாளையும் நெத்தோலியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அரிஷ்டம் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் இயல்பாகவே மதுச்சத்து உண்டு, மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரை சாப்பிடும் நாட்களில் அது கூடாது. லேகியமோ அரிஷ்டமோ, புட்டியை டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

ஆறு வாரம் வரை குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள். தண்ணீர்க் குடமும் அதில் அடங்கும். தரையில் பாய் விரித்துப் படுத்தால் எழுவது கடினம், கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுவதும் கணவனோடு சேர்வதும் ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பிறகு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை ஆறு மாதம் தொடர வேண்டும்.

10. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தையல் சிவந்து வீங்கி நீர் அல்லது சீழ் வடிந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், இரத்தப்போக்கில் துர்நாற்றம் வந்தால் காத்திருக்காதீர்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, கண் மங்கலோடு கடும் தலைவலி வந்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழையுங்கள். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கும் பிரசவத்திற்குப் பிறகு அது ஏறக்கூடும்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடல் சூடாகவோ சில்லென்றோ இருந்தால், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினால், உடனே காட்டுங்கள். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் போய்விடும் என்று நாளைக் கடத்த வேண்டாம்.

முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. அது இரண்டு வாரத்தைத் தாண்டினால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், செத்துப்போகலாம் என்று தோன்றினால், அது நோய். உங்கள் குற்றம் அல்ல. டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். கணவரும் அம்மாவும் இந்தப் பத்தியைக் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனெனில் அந்த நிலையில் இருப்பவளால் தானாக எழுந்து உதவி கேட்க முடியாது.

11. ஆறாவது வாரம்

குழந்தையின் தடுப்பூசிக்குப் போகிறோம், நமக்கு என்ன என்று பலரும் தங்கள் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். தையல், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் சர்க்கரையையும் மறுபடி பார்க்க வேண்டும். தையலைச் சுற்றி மரத்திருப்பது பல மாதம் நீடிக்கலாம். முதுகுவலி வந்தால் எல்லாரும் முதுகில் போட்ட ஊசியைத்தான் சொல்வார்கள். என் விஷயத்தில் குனிந்து பால் கொடுத்ததுதான் காரணம் என்று தெரிந்தது, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரப் பழகியதும் குறைந்தது.

அடுத்த கர்ப்பத்திற்குக் குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். எந்தக் கருத்தடை முறை என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம்பி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் பிரசவம் சிசேரியன் என்பதாலேயே அடுத்ததும் சிசேரியன் ஆக வேண்டும் என்பதில்லை. தகுதியுள்ளவர்களுக்குச் சுகப்பிரசவம் முயன்று பார்க்க முடியும். அதைத் தீர்மானிக்க அடுத்த டாக்டர் முதலில் கேட்பது, கருப்பையில் எந்த இடத்தில், எப்படி வெட்டினார்கள், எதற்காகச் செய்தார்கள் என்பதைத்தான். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். என் கோப்பில் அந்தத் தாளை மட்டும் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று அம்மா வீட்டு அலமாரியில், ஒன்று கணவரின் கைப்பேசியில் படமாக.